பினாங்கு: ஏர் ரைஃபிள் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, அவசர உதவி வேண்டும்

கோவைக்காரன்_புதுசு:
வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸுக்கு வேலைக்கு வந்து 19 நாள் ஆகிறது. ஊரில் ஏர் ரைஃபிள், அதாவது காற்றழுத்தத் துப்பாக்கி, சுடுவேன். மாமனார் தோட்டத்தில் 50 மீட்டரில் டார்கெட் வைத்து ஞாயிறு தவறாமல் பழகியவன். இங்கே கையைக் கடிக்காத செலவில் ஒரு லாங் ரேஞ்ச் ரைஃபிளை நானே பாகம் பாகமாகச் சேர்த்துப் பொருத்தலாம் என்று திட்டம். பட்ஜெட் 4,000 ரிங்கிட். பாரலுக்கு (குழாய்) அதிகம் போடலாமா, ஸ்கோப்புக்கா (குறிபார்க்கும் தொலைநோக்கி)? இன்னொன்று. மச்சான் அனுப்பிய பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறதாம். வியாழக்கிழமை நேரில் வரச்சொல்லி போன் வந்தது. என்ன காகிதம் கொண்டுபோக வேண்டும்? இரண்டு நாளாகத் தூக்கமில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நைட்ஷிப்ட்:
தம்பி, பாஸ்போர்ட்டும் வேலைப் பாஸும் இல்லாமல் வெளியே கால் வைக்காதீர்கள், அது முதல் விஷயம். நான் வந்த புதிதில் பேங்க் அக்கவுண்ட் திறக்கவே ஐந்து வாரம் ஆயிற்று. கம்பெனி கடிதத்தில் பாஸ்போர்ட் எண் ஒரு எழுத்து மாறியிருந்தது. அதற்குத்தான் அத்தனை அலைச்சல். சம்பளம் கையில் வராமல், ரூம்மேட்டிடம் 300 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கடன் வாங்கி, மாசக் கடைசியில் தினமும் ரொட்டி சானாயும் (நம் பரோட்டா மாதிரி) தே ஓ'வும்தான் (பாலில்லாத டீ). அதனால் 4,000 ரிங்கிட்டை முதல் மூன்று மாதம் தொடாமல் வையுங்கள். வீட்டுக்கு இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம், முன்பணம் ஒரு மாதம், ஆக மூன்றரை மாத வாடகை ஒரே நாளில் போய்விடும். துப்பாக்கி எங்கே ஓடிப்போகிறது?

பத்து_மீட்டர்:
நான் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறவன், அதனால் கேட்டதற்கே பதில் சொல்கிறேன். பாரலும் இல்லை, ஸ்கோப்பும் இல்லை. முதல் காசு பெல்லட்டுக்கு, அதாவது சுடுகிற சின்னக் குண்டுக்கு.

ஒரு டின்னைத் திறந்து, நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் ஒவ்வொரு பெல்லட்டாக நிறுத்துப் பாருங்கள். நான் அப்படி ஒரு ராத்திரி 200 பெல்லட் நிறுத்தேன். டின் மேல் 0.54 கிராம் என்று போட்டிருந்தது. உள்ளே 0.52 இருந்தது, 0.56 இருந்தது, பாவாடை போல விரிந்த பின்பக்கம் நசுங்கியது ஏழெட்டு இருந்தது. 10 மீட்டரில் இது பெரிதாகத் தெரியாது. 50 மீட்டருக்குப் போனால், எடை குறைந்தது மேலேயும் கூடியது கீழேயும் போய் உட்காரும், நீங்கள் பாரலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரே ரைஃபிளுக்கு நாலைந்து வகை பெல்லட் வாங்கி, எது அந்தப் பாரலுக்குப் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் மலிவான வழி. பாரலுக்கும் பெல்லட்டுக்கும் ஜாதகம் பொருந்த வேண்டும்.

அடுத்தது, உங்களுடையது ஸ்பிரிங் துப்பாக்கியா, காற்று நிரப்பி வைக்கும் பிசிபியா? அதைச் சொல்லவே இல்லையே. ஸ்பிரிங் என்றால், பெல்லட் பாரலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் துப்பாக்கியைப் பின்னால் தள்ளி, அடுத்து முன்னால் இழுத்துவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும். முன்பக்கம் தாங்கும் கையை ஒரு குழந்தைத் தலைக்கு அண்டக் கொடுப்பது போலத் தளர்வாக வைத்து, துப்பாக்கியை அதன் போக்கில் ஆடவிட வேண்டும். இதைப் பழக ஒரு காசும் ஆகாது. பிசிபி என்றால் ரெகுலேட்டர் உள்ளதா என்று பாருங்கள். அது இருந்தால் சிலிண்டரில் காற்று இறங்க இறங்க வேகம் மாறாமல் இருக்கும்.

பட்டர்வொர்த்வாசி:
பெல்லட் சொன்னது சரி, ஆனால் ஸ்கோப்பைத் தள்ளிவிட்டதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்ணுக்குத் தெரியாததை எப்படி அடிப்பது? நான் சென்னையில் சுட்ட காலத்தில் மலிவு ஸ்கோப் மூன்று உடைத்தேன். ஸ்பிரிங் துப்பாக்கியின் அந்த முன்னிழுப்பு சாதாரண ஸ்கோப்பின் உள்கண்ணாடியைக் கழற்றிவிடும், ஏனென்றால் அவை பின்னுதையை மட்டும் மனதில் வைத்துச் செய்தவை. இன்னொரு தொல்லை பாரலாக்ஸ். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்பை 100 கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்குச் சரிசெய்துதான் அனுப்புவார்கள். 20 மீட்டரில் பார்த்தால் படம் மங்கும், தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் குறுக்குக்கோடு டார்கெட் மேல் நடந்துபோகும். முன்பக்க வளையத்தைத் திருப்பி, அந்தத் தூரத்தை 10 மீட்டருக்கே கொண்டுவரக்கூடிய ஸ்கோப் வேண்டும். பாதிப் பணம் ஸ்கோப்புக்கு என்பது என் கணக்கு.

பத்து_மீட்டர்:
அண்ணே, ஒலிம்பிக் 10 மீட்டரில் ஸ்கோப்பே கிடையாது. சின்ன ஓட்டை வழியாகக் குறிபார்க்கும் சைட் மட்டும். பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர், ஒரு பேனா முனை அளவு. அதை அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங்கில் அடித்துத் தங்கம் வாங்கினார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம். அதே லண்டன் ஒலிம்பிக்கில் இந்த நாட்டு நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பத்தோடு வந்து நின்றார். கண்ணாடியா அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது?

பட்டர்வொர்த்வாசி:
அது 10 மீட்டர், இவர் கேட்பது 50. 50 மீட்டரில் ஒரு நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. அங்கே காற்றைப் படிக்க உருப்பெருக்கம் வேண்டும். இலை அசைகிற காற்றே அவ்வளவு லேசான பெல்லட்டை விரற்கடைக் கணக்கில் தள்ளிவிடும்.

செந்தூல்_அக்கா:
தம்பிகளா, கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை தூக்கமில்லாமல் கேட்கிறது, நீங்கள் கண்ணாடியைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். தம்பி, அந்தப் பார்சலில் என்ன இருக்கிறது? அதைச் சொல்லுங்கள் முதலில். என் அக்கா மகன் ஊட்டியில் வாங்கிய பொம்மைத் துப்பாக்கியை, பார்க்க நிஜம் போலவே இருக்கும், பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து, ஏழு வயதுப் பையனின் பொம்மைக்காக ஏர்போர்ட்டில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள். இங்கே போலித் துப்பாக்கிக்கே சட்டம் இருக்கிறது. நிஜத்துக்குச் சொல்லவா வேண்டும்?

நைட்ஷிப்ட்:
அக்கா சொல்வது சரி. புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தருவதில்லை. என்னை அனுப்பிய ஏஜெண்ட் வீடு பிடித்துத் தருகிறேன் என்று 500 வெள்ளி வாங்கிக்கொண்டு போனையே எடுக்கவில்லை. வீட்டுக்காரர் டெபாசிட்டில் பெயிண்ட் அடித்த காசைக் கழித்துவிட்டார், அதற்கு ரசீதும் இல்லை.

பட்டர்வொர்த்வாசி:
வாடகையைப் பற்றிப் பேசாதீர்கள். பினாங்குத் தீவில் கட்டுப்படியாகாமல்தான் கடலுக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த்துக்கு வந்தேன். காலையில் பாலத்தில் நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு வருடத்தில் ஒரு மாதம் காரிலேயே போய்விடும். பையன் முகத்தைத் தூங்கும்போதுதான் பார்க்கிறேன்.

செந்தூல்_அக்கா:
எல்லோருக்கும் கஷ்டம் இருக்கிறது அப்பா. புலம்பலுக்கு வேறு நாள் இருக்கிறது. வியாழக்கிழமை நாளை மறுநாள்.

கிள்ளான்_குமாஸ்தா:
வழக்கறிஞர் அலுவலகத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, அதனால் இதை ஒருவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் இன்றே படியுங்கள்.

இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, சுடும் ஆற்றல் 20 ஜூலுக்குக் குறைந்த .177 (4.5 மி.மீ. குழாய்) ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அந்த நினைப்பில்தான் ஊரிலிருந்து வருகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள்ளேயே ஏர் கன் இருக்கிறது. அதன் பாகங்களும் இருக்கின்றன. பாரல் தனியாக வந்தாலும் அது வெறும் இரும்புக்குழாய் ஆகாது, ஆயுதம்தான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு வருடம் வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் அனுமதி முன்கூட்டியே வேண்டும். துப்பாக்கி செய்வதும் பழுதுபார்ப்பதும் லைசென்ஸ் கேட்கும் வேலைகள், அதனால் வீட்டு மேசையில் பொருத்துவது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பட்ஜெட் பிறகு.

வியாழக்கிழமைக்குத் தனியாகப் போகாதீர்கள். போகாமலும் இருக்காதீர்கள். பாகம் பாகமாகப் பிரித்து அனுப்பியது ஒளித்து அனுப்பியது போலத் தோன்றும், அதை நீங்களே வாயால் விளக்கப் போய் இன்னும் சிக்கலாகும். இப்போது எனக்கு வேண்டியது: பார்சலில் என்னென்ன? டிக்ளரேஷன் தாளில் மச்சான் என்ன எழுதினார்? பெயர் யாருடையது? அழைத்தவர் கஸ்டம்ஸ் அதிகாரியா, கூரியர்காரரா? வேறு ஏதாவது வந்துகொண்டிருக்கிறதா?

கோவைக்காரன்_புதுசு:
மன்னித்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிள். பார்சலில் பாரல் ஒன்று, டிரிக்கர் செட் ஒன்று, ஸ்கோப், இரண்டு டின் பெல்லட். என் பெயரில்தான் வந்திருக்கிறது. மச்சான் தாளில் 'இயந்திர உதிரிபாகம்' என்று எழுதியிருக்கிறான். அவன் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, கூரியர் கடைக்காரர் அப்படி எழுதச் சொன்னாராம். போன் கூரியரிலிருந்துதான், கஸ்டம்ஸ் கேட்கிறது என்றார்கள். படித்தபோது கை நடுங்கியது. வேலையும் போய்விடுமா?

கிள்ளான்_குமாஸ்தா:
பதற்றம் வேண்டாம், வரிசையாகப் போவோம். காலையில் முதல் வேலையாக, கம்பெனியில் உங்கள் பாஸைப் பார்த்துக்கொள்ளும் மனிதவளக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர் வேறு யார் மூலமோ கேள்விப்படுவதுதான் ஆபத்து. கம்பெனிக்கு வழக்கறிஞர் இருந்தால் அவர் பெயரைக் கேளுங்கள். இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் இருக்கிறது. கிரிமினல் வழக்கு பார்க்கிறவர் வேண்டும், வீட்டுப் பத்திரம் எழுதுகிறவர் வேண்டாம்.

கூரியரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த அலுவலகம், அதிகாரி பெயர், கோப்பு எண். ஊரில் ரைஃபிள் வாங்கிய ரசீதும், அது 20 ஜூலுக்குக் கீழே என்று காட்டும் தாளும் இருந்தால் மச்சானை படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது இங்கே விலக்கு தராது, ஆனால் நீங்கள் யார், எதற்காக வைத்திருந்தீர்கள் என்பதைக் காட்டும். வாட்ஸ்அப்பில் ஒன்றையும் அழிக்காதீர்கள், வசதியாகத் தோன்றினாலும் அழிக்காதீர்கள். பார்சல் வேண்டாம், ஒப்படைக்கத் தயார் என்பதை வழக்கறிஞர் மூலம் எழுத்தில் சொல்லலாமா என்று அவரிடம் கேளுங்கள். மலாயில் எழுதிய எந்தத் தாளிலும் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். எங்காவது நிறுத்திவைத்தால் கோலாலம்பூரில் உள்ள இந்திய உயர் ஆணையத்துக்கு (ஹை கமிஷன்) தெரிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த அலுவலகத்தின் போன் எண்ணை மனைவியிடமும் கொடுத்துவையுங்கள்.

நீங்கள் பதில் சொல்லாத ஒரு கேள்வி இன்னும் இருக்கிறது. வேறு ஏதாவது வருகிறதா?

பத்து_மீட்டர்:
நானும் தொழில்நுட்பத்தில் இறங்கி சட்டத்தை விட்டுவிட்டேன், தப்பு என் மேல். இங்கே சுட வேண்டும் என்றால் வழி கிளப்தான். நான் பழகும் இடத்தில் ரைஃபிள் கிளப்புடையது. ஆயுத அறையிலிருந்து கையெழுத்துப் போட்டு எடுத்து, சுட்டுவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். வீட்டுக்கு ஒரு பெல்லட்கூட வராது. எனக்குத் தெரிந்த வேலைப் பாஸ்காரர் யாரும் சொந்தத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியதில்லை. இந்த விஷயம் முழுதாக முடிந்து, வழக்கறிஞர் சரி என்று சொன்ன பிறகு எழுதுங்கள். 50 மீட்டருக்குப் போவதற்கு முன் 10 மீட்டரில் ஒரு வருடம் நிற்கலாம். நான் இப்போதும் காலையில் எண்ணெய் தேய்ப்பது போல தினமும் பத்து நிமிடம் வெறுங்கையோடு நிலையில் நின்று மூச்சைப் பழகுகிறேன்.

செந்தூல்_அக்கா:
தம்பி, சாப்பிட்டீர்களா? பாயான் லெப்பாஸ் பக்கம் என் நாத்தனார் வீடு இருக்கிறது. வியாழன் காலையில் கூட ஒரு ஆள் வேண்டுமென்றால் அவர் வீட்டுக்காரர் வருவார், மலாய் நன்றாகப் பேசுவார். தனிச் செய்தியில் எழுதுங்கள்.

கோவைக்காரன்_புதுசு:
அக்கா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுதுகிறேன்.

குமாஸ்தா அண்ணே, இருந்தது. ரைஃபிளின் உடல்பகுதியும் கட்டையும் இன்றைக்கு இரண்டாவது பார்சலாக வருவதாக இருந்தது. உங்கள் கேள்வியைப் படித்த உடனே மச்சானுக்குப் போன் போட்டேன். அவன் காந்திபுரத்தில் கூரியர் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான், முன்னால் இரண்டே பேர். பெட்டியைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் பூட்டிய அலமாரியில் வைத்ததைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். நாளை 8 மணிக்கு மனிதவள மேடத்தைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

கிள்ளான்_குமாஸ்தா:
நல்லது. அந்தப் படத்தையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பாஸ்போர்ட்டோடு பாஸின் நகல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஆதார் இங்கே உதவாது.