கக்கூஸுக்கு ஒரு மியூசியமா?

டெல்லிக்கு வரும் சொந்தக்காரர்களுக்கென்று என்னிடம் ஒரு சுற்று தயாராக இருக்கும். செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், கடைசியில் மலை மந்திர் போய் முருகனுக்கு ஒரு கும்பிடு. பதினோரு வருடமாக அதேதான். போன நவம்பரில் சித்தப்பாவும் சித்தியும் வந்தபோது அது எடுபடவில்லை. சித்தப்பா திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரயில்வே பாஸ் புண்ணியத்தில் இரண்டு தடவை ஏற்கெனவே டெல்லி பார்த்தாகிவிட்டது. "கோட்டை கொத்தளமெல்லாம் போதும்டா. வேற ஏதாவது இருந்தா காட்டு" என்றார்.

சரி, ரயில்வே ஆளுக்கு ரயில் மியூசியம். சாணக்யபுரியில் 1977-இல் திறந்தது. திங்கட்கிழமை விடுமுறை, அது தெரியாமல் போய் ஒரு தடவை நான் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். குழந்தைகள் எல்லாம் பொம்மை ரயிலுக்கு வரிசையில் நிற்க, சித்தப்பா நேராக பாட்டியாலா மோனோரயில் பக்கம் போய்விட்டார்.

மோனோரயில் என்றதும் சிங்கப்பூர் மாதிரி தலைக்கு மேல் பறக்கும் பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது தரையோடு ஓடியது. சாலை ஓரத்தில் ஒரே ஒரு தண்டவாளம். அதன்மேல் வண்டியின் அடியில் இருக்கும் சின்னச் சக்கரங்கள் உருளும். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு பக்கம் மட்டும் பெரிய சக்கரம் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு ரோட்டின் மேல் வரும். பாரத்தில் பெரும்பகுதி தண்டவாளத்தின் மேல்தான். பாட்டியாலா மகாராஜாவிடம் ராணுவத்துக்கென்று வளர்த்த கோவேறு கழுதைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. சண்டை இல்லாத காலத்தில் அவற்றுக்கு வண்டி இழுக்கும் வேலை கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. 1907-இல் தொடங்கி, ஜெர்மன் எஞ்சின்களும் வந்து, சுமார் 80 கி.மீ. வரை ஓடியது. மோட்டார் வண்டிகள் பெருகியதும் 1927-இல் மூடிவிட்டார்கள். 1962-இல் யாரோ ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததைக் கண்டுபிடிக்க, அமிர்தசரஸ் ஒர்க்‌ஷாப்பில் ஒன்றைச் சரிசெய்து ஓட வைத்தார்கள்.

சித்தப்பா குந்தி உட்கார்ந்து சக்கரத்தின் விளிம்பைத் தடவப் போனார். காவலாளி விசில் அடித்து "ஹாத் மத் லகாயியே" என்றார். "முப்பத்தி நாலு வருஷம் தொட்டதுதான்யா" என்று சித்தப்பா தமிழிலேயே பதில் சொன்னார். காவலாளிக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். அப்புறம் அரைமணி நேரம் எனக்குப் பாடம். ஊட்டி மலை ரயில் எஞ்சின் ஓவர்ஹாலுக்குப் பொன்மலைக்குத்தான் வரும், அதைப் பிரித்துப் போட்டால் எப்படி இருக்கும் என்றெல்லாம். உள்ளே கண்ணாடிக்குள் ஒரு யானையின் மண்டை ஓடு இருக்கிறது. 1894-இல் மெயில் வண்டியில் மோதிச் செத்த யானை. சித்தி அதன் முன்னால் நின்றதுதான் ரொம்ப நேரம். "இத போய் எடுத்து வெச்சிருக்காங்களே" என்று முணுமுணுத்தார்.

மறுநாள் சித்திக்காக ஐ.டி.ஓ. பக்கத்தில் சங்கர் பொம்மை மியூசியம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளை 1965-இல் திறந்தது. ஹங்கேரி தூதர் கொடுத்த ஒரு பொம்மை, சங்கர் நடத்திய குழந்தைகள் போட்டிக்குப் பரிசாக வந்தது. அதைக் கொடுக்க மனம் வராமல் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். அப்புறம் போன நாட்டில் எல்லாம் பொம்மை வாங்கி ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது. சித்தி நாற்பது வருடமாக ஒன்பது படி கொலு வைப்பவர், அதனால் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக்கொண்டே வந்தார். ஜப்பான் பொம்மைக்கு நூற்றுக்கு நூறு. நம்மூர் கல்யாணப் பெண் பொம்மையிடம் வந்ததும், "கொசுவம் இப்படியா வெப்பாங்க?" என்று பாஸ் மார்க்கோடு நிறுத்திவிட்டார். சித்தப்பா வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நாள்தான் வம்பு. எங்கே போகிறோம் என்று நான் முதலில் சொல்லவில்லை. மெட்ரோவில் தசரத்புரி இறங்கி ஆட்டோ பிடித்து மகாவீர் என்கிளேவில் வாசலுக்கு வந்தபிறகுதான் சித்தப்பா போர்டைப் படித்தார். "கக்கூஸ் மியூசியமா? இதுக்காடா திருச்சியிலேர்ந்து வந்தேன்?"

சுலப் சர்வதேசக் கழிப்பறை அருங்காட்சியகம். 1992-இல் பிந்தேஷ்வர் பாடக் ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டுகளில் பார்க்கிற சுலப் கட்டணக் கழிப்பறைகளின் அதே சுலப்தான். டிக்கெட் கிடையாது. அரண்மனை மாதிரி ஏதும் எதிர்பார்க்க வேண்டாம், ஒரு கூடம்தான். சுவரெல்லாம் படமும் குறிப்பும், நடுவில் விதவிதமான பீங்கான், மரம், தகரம். நாற்றம் துளிகூட இல்லை. சித்தப்பா பத்து நிமிடம் கழித்துத்தான் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

சுற்றிக் காட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நன்றாகக் கதை சொன்னான். பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் சிம்மாசனம் மாதிரி ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். உட்காரும் பலகையைத் தூக்கினால் அடியில் ஓட்டை! சபை நடக்கும்போதே வேலையை முடித்துக்கொள்வாராம். பார்க்கப் புத்தக அடுக்கு மாதிரி இருக்கிற ஒரு கமோடும் உண்டு. 1596-இல் எலிசபெத் மகாராணிக்கு ஜான் ஹாரிங்டன் ஃப்ளஷ் செய்து கொடுத்தது, 1775-இல் அலெக்ஸாண்டர் கம்மிங் வளைந்த குழாய்க்குக் காப்புரிமை வாங்கியது என்று போய்க்கொண்டே இருந்தது. அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்பதால்தான் சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வருவதில்லை. இதைச் சொன்னதும் சித்தப்பா நிமிர்ந்தார். "இது மெக்கானிக்கல் சமாச்சாரம்" என்றார். அதற்கப்புறம் முன்னால் போய் நின்றுகொண்டார். நான் ஹிந்தியைத் தமிழாக்கிக்கொண்டே வந்தேன்.

ஒரு படத்துக்கு முன்னால் பையன் "சூக்கா ஷௌச்சாலய்" என்றான். நான் "உலர் கழிப்பறை" என்று சொன்னேன்.

"எடுப்புக் கக்கூஸ்னு சொல்லு" என்றார் சித்தப்பா.

படத்தில் ஒரு பெண், தலையில் கூடை. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். பாலக்கரைப் பக்கம் அவர்கள் இருந்த வாடகை வீட்டில் கொல்லைக் கோடியில் எடுப்புக் கக்கூஸ். பின்சந்துப் பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரு தகரக் கதவு. அதைத் திறந்து, தகரத்தால் வழித்து, சாம்பல் தூவிவிட்டு ஒரு அம்மா போவார். வெயில் காலத்தில் ஒருநாள் சந்தில் நின்று தண்ணீர் கேட்டிருக்கிறார். சித்தப்பாவுக்கு ஏழு வயது. சொம்பை எடுத்துக்கொண்டு ஓடியவரைப் பாட்டி தடுத்து, தானே வாங்கி, மதில் மேலிருந்து அந்த அம்மாவின் கையில் ஊற்றினாராம். பாதி மண்ணில். "பேரு கூடத் தெரியாதுடா. தினம் வருவாங்க."

"எங்கிட்ட இத்தனை வருஷத்துல சொன்னதே இல்லையே" என்றார் சித்தி.

நான் சுருக்கமாகப் பையனிடம் சொன்னேன். அவன் பாடக் பற்றிய கதையைச் சொன்னான். அவர் பீகாரில் சிறுவனாக இருந்தபோது அப்படி வேலை செய்த ஒரு பெண்ணைத் தொட்டுவிட்டார். தீட்டுக் கழிய அவருடைய பாட்டி சாணத்தையும் கோமியத்தையும் விழுங்க வைத்தார். 1970-இல் சுலப் தொடங்கியவர் அந்தச் சிறுவன்தான். 2023 ஆகஸ்ட் 15 அன்று காலமானார், காலையில் இங்கே கொடி ஏற்றிய பிறகு.

அடுத்து வெளியே மாதிரிக் கழிப்பறைகள். சுலப் முறை ரொம்ப எளிது. ஒன்றுக்கு இரண்டு குழி. கோப்பையிலிருந்து வரும் வழி கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும், ஒன்றை அடைத்து வைத்திருப்பார்கள். குழிச் சுவரில் செங்கலை இடைவெளி விட்டு அடுக்குவதால் தண்ணீரும் வாயுவும் மண்ணுக்குள் போய்விடும். ஒரு குழி நிறைந்ததும் அடைப்பை மாற்றி அடுத்ததைத் திறப்பார்கள். மூடிய குழி இரண்டு வருடத்தில் காய்ந்து உரமாகிவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் மண்வெட்டியால் அள்ளலாம். பையன் ஒரு டப்பாவைத் திறந்து உருண்டை ஒன்றைச் சித்தப்பா கையில் வைத்தான். பழுப்பு நிறம், கனமே இல்லை, வறட்டியின் உதிர்ந்த துண்டு மாதிரி. அது என்ன என்று நான் தமிழில் சொன்னேன். சித்தி இரண்டடி பின்னால் போனார். சித்தப்பா முகர்ந்து பார்த்தார். விரலால் கொஞ்சம் பொடித்தும் பார்த்தார். "மண்ணுதான்" என்றார்.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. குழி எத்தனை ஆழம், அடியில் சிமென்ட் உண்டா, பக்கத்தில் கிணறு இருந்தால் எத்தனை அடி தள்ளி, மழைக்காலத்தில் ஊற்று ஏறினால் என்ன செய்வது. பையன் ஒரு நோட்டீஸின் பின்பக்கம் பேனாவால் படம் போட்டுக் கொடுத்தான். சித்தப்பா அதை நான்காக மடித்துப் பாஸ் அட்டையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாணவாயு அடுப்பு மாதிரி, பொதுக் கழிப்பறை வாயுவில் எரியும் அடுப்பையும் பற்றவைத்துக் காட்டினார்கள். நீலச் சுடர். அதில் போட்ட டீ என்றால் குடிப்பேனா என்று சித்தி என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

விஷயம் இதோடு முடிந்திருக்கும். ஆனால் சித்தப்பா இப்போது லால்குடிப் பக்கம் வீடு கட்டுகிறார். கொத்தனார் எல்லாருக்கும் போடுகிற மாதிரி செப்டிக் டேங்க் போட்டுவிடலாம் என்கிறார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்யக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் டேங்கில் இறங்கிச் செத்தவர் செய்தி பேப்பரில் வராத மாதம் உண்டா? சித்தப்பா அதைத்தான் பிடித்துக்கொண்டார். "டேங்க் நிறைஞ்சா யாருய்யா இறங்குவா?" "லாரி வந்து உறிஞ்சிரும் சார்." "லாரி சந்துக்குள்ள வராதப்போ?"

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு போன். பின்னணியில் கலவை மெஷின் சத்தம். "அந்த மியூசியம் பையனப் புடிக்க முடியுமா? கொத்தனார் என் பேச்சக் கேக்க மாட்டேங்கறார். அவன் ஹிந்தியில சொல்லட்டும், நீ தமிழ்ல சொல்லு." ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரைப் பிடிப்பது? அந்த நோட்டீஸைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வந்தது. மடிப்பில் மை கொஞ்சம் கரைந்திருந்தது, கவட்டை மட்டும் தெளிவாக இருந்தது. போனை வாங்கிக்கொண்ட கொத்தனார் அலுத்துக்கொண்டே பேசினார்.

"சரி தம்பி, இந்தக் கவட்டைக்கு எத்தனை இன்ச் பைப்புன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."