டூசான் கேட்டலினா மலை ஹைக்கிங், ஜூலை 4 லீவுல போலாமா?

சாண்ட்லர்வாசி:
மக்களே, அரிசோனா வந்து எட்டு மாசம் ஆச்சு, ஆபீஸ் விட்டா வீடுன்னே ஓடுது. ஜூலை 4 லாங் வீக்எண்டுக்கு நாலு பேரா டூசான் வரைக்கும் ஓட்டிட்டு போய் சான்டா கேட்டலினா மலைல ஏறலாம்னு இருக்கோம். ஒருத்தன் செவன் ஃபால்ஸ் அருவிங்கறான், இன்னொருத்தன் எங்கயோ வீடியோ பாத்துட்டு ஃபிங்கர் ராக் வழியா மவுண்ட் கிம்பல் உச்சிக்கு போயே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். யாருக்கும் பெரிய அனுபவம் இல்ல. காலைல 9 மணிக்கு ஆரம்பிச்சா மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கிடலாமா, ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி போதுமா, நாயை கூட்டிட்டு போலாமா, பாம்பு இருக்குமா? எல்லாத்தையும் சேத்து கேட்டுட்டேன், கோச்சுக்காதீங்க.

கள்ளிமுள்:
9 மணியா? ஜூலைலயா? அந்த நேரத்துக்கு நாங்க நடந்து முடிச்சு இறங்கி வந்து கார்ல ஏசி போட்டு உக்காந்திருப்போம் தம்பி 😀

ஃபிங்கர் ராக்கை இந்த மாசத்துல மறந்துடுங்க. ஒரு பக்கம் மட்டும் 5 மைல், அதுல 4,000 அடிக்கு மேல ஏத்தம், கிம்பல் உச்சி 7,255 அடி. மேல போனாத்தான் பைன் மரம் வரும், அதுவரைக்கும் சகுவாரோ கள்ளியும் பாறையும்தான், அந்தப் பாறை வெயிலை குடிச்சு குடிச்சு நம்ம மேலயே துப்பும். நான் மே மாசம் விடியறதுக்கு முன்னாடி 4 லிட்டர் தண்ணியோட கிளம்பியும் பாதி வழில ரெண்டு லிட்டர் காலி, பேசாம திரும்பிட்டேன், ஏன்னா இறங்கறதுக்கும் தண்ணி வேணும்ல, முட்டி வேற அழும். உச்சி இன்னும் பாக்கல, வெக்கமும் இல்ல.

நாய் அந்தப் பக்கம் கூடவே கூடாது. அங்க அழிஞ்சு போன பிக்ஹார்ன் காட்டு ஆடுகளை 2013ல திரும்ப கொண்டுவந்து விட்டாங்க, அதுக்காக தடை. செவன் ஃபால்ஸ் போற சபினோ கேன்யன்லயும் நாய்க்கு அனுமதி இல்ல.

பாம்பு இருக்கு, ராட்டில்ஸ்னேக், வாலை ஆட்டி சத்தம் போடற விஷப் பாம்பு. கையை பாறை இடுக்குல விடாதீங்க, ஹெட்ஃபோன் போடாதீங்க, சத்தம் கேட்டா நின்னு எங்க இருக்குன்னு பாத்து பின்னாடி வாங்க, அவ்ளோதான். பாம்பை விட என்னை படுத்தினது சோயா கள்ளி (பீன்ஸ் இல்லைங்க, இங்க அந்தக் கள்ளியோட பேரே அதான்). லேசா உரசினா போதும், ஒரு துண்டு அப்படியே கழண்டு வந்து கெண்டைக்கால்ல ஒட்டிக்கும், கையால எடுக்கப் போனா கையிலயும் ஏறும். பைல ஒரு சீப்பு வச்சுக்கோங்க, முள்ளுக்கு அடில விட்டு வெடுக்குனு தள்ளணும்.

மலைக்கிறுக்கன்:
கள்ளிமுள் சொல்றது சரி, ஆனா ட்ரிப்பையே கேன்சல் பண்ண வேணாம். அந்த மலையோட விசேஷமே உசரம்தான். டூசான்ல 105 டிகிரி அடிக்கும்போது மேல மவுண்ட் லெமன்ல 20, 30 டிகிரி கம்மியா இருக்கும், கேட்டலினா ஹைவேல ஒரு மணி நேரம் கார் ஓட்டினா கள்ளி முடிஞ்சு புல்லு, ஓக், அப்புறம் பைன், கடைசில ஃபர் மரம்னு மாறிட்டே வரும், ஜன்னலை இறக்கி விட்டா மூக்குக்கே தெரியும். உச்சி 9,100 அடிக்கு மேல. சம்மர்ஹேவன் ஊரைத் தாண்டி ரோடு முடியற இடத்துல மார்ஷல் கல்ச், அங்க இருந்து ஆஸ்பன் ட்ரெயிலை சேத்து ஒரு சுத்து சுத்தினா 4 மைல் சொச்சம், புதுசா நடக்கறவங்களுக்கு அளவா இருக்கும். உசரத்துல மூச்சு வாங்கும், பழக்கமில்லாதவங்க மெதுவா போங்க. கீழயே பெட்ரோல் ஃபுல் பண்ணிக்கோங்க.

வழில கருகி நிக்கற மரமெல்லாம் 2003 ஆஸ்பன் தீ, 2020 பிக்ஹார்ன் தீ ரெண்டோட மிச்சம். முதல் தீயில சம்மர்ஹேவன் ஊர்ல பெரும்பகுதி போச்சு. ரெண்டாவது மின்னல் விழுந்து பிடிச்சது, 1 லட்சத்து 19 ஆயிரம் ஏக்கருக்கு மேல எரிஞ்சுது.

மின்னல்னு சொன்னேன்ல, உங்களுக்கும் அதான் விஷயம். ஜூலைல மான்சூன் ஆரம்பிச்சுடும், காலைல பளிச்சுனு இருக்கற வானம் மத்தியானத்துக்குள்ள கறுத்துடும். 11 மணிக்குள்ள நடையை முடிச்சுடுங்க.

ஓரமா நிக்கறவன்:
செவன் ஃபால்ஸை அப்படி ஒதுக்காதீங்கப்பா, மார்ச்ல போனா பனி உருகின தண்ணி ஜோரா ஓடும், ஓடையை ஏழு தடவை தாண்டி போகணும், நாங்க ஷூவை கழட்டி மாட்டியே அலுத்துட்டோம். ஆனா ஜூலைல அது வேற கதை. மேல மலைல மழை பேயும், கீழ நீங்க நிக்கற இடத்துல வெயில் அடிக்கும், தண்ணி மட்டும் திடீர்னு வரும். பக்கத்துல டாங்கே வெர்டே அருவில 1981 ஜூலைல அப்படித்தான் 8 பேர் போனாங்க. அதனால இப்ப வேணாம்.

ஹைவேல ஏறும்போது 7வது மைல் பக்கம் கார்டன் ஹிராபயாஷி கேம்ப்கிரவுண்ட்னு ஒண்ணு வரும், நிறுத்தி பாருங்க. அந்த ரோடு 1933ல தொடங்கி 1950 வரைக்கும் கைதிகளை வச்சு போட்டது, கேம்ப் இருந்த இடம் அதான். ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான் வம்சாவளிக்காரங்களுக்கு போட்ட ஊரடங்கை மீறினதுக்காக தண்டனை வாங்கின காலேஜ் பையன் ஹிராபயாஷி. இந்த கேம்ப் ஜெயிலுக்கு அனுப்ப பயணக் காசு இல்லைன்னு அதிகாரிங்க சொன்னதால லிஃப்ட் கேட்டு கேட்டு அவரே அரிசோனா வந்து சேந்தாரு, இங்க வந்தா அதிகாரிங்க கிட்ட அவரோட பேப்பரே இல்ல! 1987ல அந்தத் தீர்ப்பு ரத்தாச்சு.

சாண்ட்லர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. மார்ஷல் கல்ச்சுன்னு முடிவு, விடிகாலை 3 மணிக்கு இங்க இருந்து கிளம்பறோம், ஆளுக்கு 3 லிட்டர் தண்ணி, புளிசாதம், சீப்பு. நாய் வீட்ல. கிம்பல்காரன் மூஞ்சிய தூக்கி வச்சுட்டு இருக்கான், நவம்பர்ல கூட்டிட்டு போறேன்னு வாக்கு குடுத்துருக்கேன். இன்னும் ஒண்ணு, மேல ஜாக்கெட் வேணுமா?

மலைக்கிறுக்கன்:
மழை ஜாக்கெட் வேணும். காலைல 6 மணிக்கு குளிரும், அரை டவுசர்ல வராதீங்க.