எபிக் என்பதற்குப் பணிக்கொத்து

வணக்கம் நண்பர்களே,

பணிகளைத் திட்டம் திட்டமாகப் பிரித்து நடத்த உதவும் கிட்லேப் (GitLab) மென்பொருளில், தொடர்புள்ள பல பணிகளை ஒன்றுசேர்த்து வைப்பதற்கு எபிக் (epic) என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இங்கே 'காப்பியம்', 'பெரும்பணி', 'பணித்தொகுப்பு' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் எங்கள் வேலையில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

காரைக்குடியில் இருந்துகொண்டு பழைய செட்டிநாட்டு வீடுகளைச் செப்பனிடுகிறோம். மென்பொருளில் வீட்டுக்கு ஒரு திட்டம்: கானாடுகாத்தானில் ஒன்று, பள்ளத்தூரில் ஒன்று, தேவகோட்டையில் ஒன்று. மூன்றுக்கும் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் வேண்டும். கண்ணாடிமேல் சாயக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல் அது. சூளை கிடையாது, அவசரமும் செல்லாது. அதனால் மூன்று வீட்டுக்கும் சேர்த்தே பட்டறையில் சொல்லிவைக்க வேண்டும். மென்பொருளிலோ அவை மூன்று திட்டங்களில் தனித்தனியே கிடந்தன. தேவகோட்டை வீட்டு முகப்புக்கான கல்லைச் சொல்லாமலே விட்டுவிட்டோம். பிறகுதான் மூன்று பணிகளையும் ஒரே எபிக்கில் சேர்த்தோம்.

'கல்லுக்கென்று தனித் திட்டம் போட்டுவிடலாமே' என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். அப்படிச் செய்தால் அந்தப் பணி தன் வீட்டுக் கணக்கிலிருந்து போய்விடும். செட்டிநாட்டு நகரத்தார் தங்களவரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், எந்தக் கோயில் என்று இரண்டையும் கேட்பார்கள். அவர்களின் பிரிவுகளுக்குரிய ஒன்பது கோயில்களில் இளையாத்தங்குடிக் கோயிலைச் சேர்ந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். கோயில் ஒன்று என்பதால் ஊர் மாறிவிடுவதில்லை. திட்டம் என்பது ஊர், எபிக் என்பது கோயில். கிட்லேபில் எபிக் எந்த ஒரு திட்டத்துக்குள்ளும் இல்லாமல் குழு மட்டத்தில் இருப்பதும், பல திட்டங்களின் பணிகளை ஏற்பதும் இதே அமைப்புதான்.

நமக்கு வேண்டிய சொல்லில் இந்தப் பொருள் இருக்க வேண்டும். காப்பியமும் பெரும்பணியும் அளவைத்தான் சொல்கின்றன. ஆங்கிலத்தில் சிறு பணியை ஸ்டோரி என்றார்கள், பெரியது எபிக் ஆனது. நாம் பணியைக் கதை என்பதில்லையே, அப்புறம் காப்பியம் எங்கிருந்து வரும்? எங்கள் கல் எபிக்கில் இருப்பவை மூன்றே பணிகள். தொகுப்பு நல்ல சொல்தான், ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் 'தொகு' என்றால் திருத்துவது, கம்பைலரைத் தொகுப்பி என்கிறோம். இன்னும் ஒரு சுமை வேண்டாம். பணிகளில் ஒட்டுகிற குறிச்சொல்லும் (லேபிள்) எபிக்கின் வேலைக்குப் போதாது. குறிச்சொல்லுக்குக் கெடு நாள் இல்லை, எபிக்குக்கு உண்டு.

என் பரிந்துரை: பணிக்கொத்து. சாவிக்கொத்தை நினைத்துப் பாருங்கள். முகப்புச் சாவி முகப்புக்கு, இரண்டாங்கட்டுச் சாவி இரண்டாங்கட்டுக்கு. எந்தச் சாவியும் தன் பூட்டை விட்டுக்கொடுப்பதில்லை, ஆனால் ஒரே வளையத்தில் கைக்கு வருகின்றன.

ஒரு சிக்கலை எங்கள் மேஸ்திரியே சொல்லிவிட்டார். 'கொத்து முடிஞ்சுதா' என்று கேட்டால் அவருக்குக் கொத்து வேலைதான் நினைவுக்கு வருகிறது. அது நியாயம். ஆகவே பேச்சிலும் ஆவணத்திலும் முழுதாகப் பணிக்கொத்து என்றே சொல்வோம். பொத்தானில் இடம் குறைவு என்பதால் 'கொத்தில் சேர்', 'கொத்திலிருந்து எடு' என்று வைக்கலாம், அங்கே யாரும் சிமெண்டை நினைக்கமாட்டார்கள். இரண்டு வாரமாக அலுவலகத்தில் இப்படித்தான் சொல்லிவருகிறோம், யாரும் விளக்கம் கேட்கவில்லை.

எபிக்குக்குள் இன்னொரு எபிக் வரும்போது 'கிளைக்கொத்து' சரிவருமா? மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.