மசிபா அம்மாவை ‘ஹார்ஷ்’ என்று எழுதலாமா?

லெனேசியாக்காரன்:
நேற்று இன்னொரு இழையில் ஒருவர் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைக்கு வழிகாட்டியிருந்தார். கண்டிப்பான நீதிபதியைப் பற்றி எழுத ஸ்டெர்ன், ஸ்ட்ரிக்ட், ஹார்ஷ், டிராகோனியன் என்று எதை வேண்டுமானாலும் போடலாமாம், எல்லாம் ஒன்றுதானாம். அதற்கு உதாரணமாக நம் தென்னாப்பிரிக்க நீதிபதி தோகோசிலே மசிபாவைக் காட்டியிருக்கிறார்! படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிராகோனியன் என்பதைப் பெரும்பாலும் சட்டத்துக்குச் சொல்வார்கள். பழைய ஏதென்ஸில் டிராகோன் என்பவர் சின்னத் திருட்டுக்கும் மரண தண்டனை எழுதி வைத்தார் என்பதால் வந்த பெயர் அது. ஹார்ஷ் என்றால் இரக்கமில்லாதவர் என்ற பழியே வந்து சேரும். காதலி ரீவா ஸ்டீன்காம்பைச் சுட்டுக் கொன்ற ஓட்டப்பந்தய வீரர் பிஸ்டோரியஸின் வழக்கை 2014இல் மசிபா விசாரித்தபோது, டிவியில் ஒரு நாள் விடாமல் பார்த்தவன் நான். அந்த அம்மா ஒரு தடவையாவது குரலை உயர்த்தினாரா? பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

சாட்ஸ்வர்த் தம்பி:
அந்த ‘ஒருவர்’ நான்தான் அண்ணா. நேராக என்னிடமே கேட்டிருக்கலாம். வீடு புகுந்து பெண்களைத் தாக்கியவனுக்கு 2013இல் மசிபா கொடுத்த தண்டனை 252 வருஷம். 252! அது ஹார்ஷ் இல்லை என்றால் வேறு எதுதான் ஹார்ஷ்?

லெனேசியாக்காரன்:
தம்பி, அந்த 252 எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தாயா? 11 கொள்ளைக் குற்றங்களுக்குத் தலா 15 வருஷம், ஆக 165. கொலை முயற்சிக்கு 12. மூன்று பாலியல் வன்கொடுமைக்கு மூன்று ஆயுள் தண்டனை, ஒன்றை 25 என்று வைத்தால் 75. கூட்டிப் பார், 252 வரும். ஆயுதத்தோடு கொள்ளையடித்தால் முதல் தடவைக்கே குறைந்தது 15 என்று 1997ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொன்னதைக் கொடுத்தவரை ஹார்ஷ் என்பாயா?

சாட்ஸ்வர்த் தம்பி:
அதே சட்டம் கொலைக்கும் குறைந்தது 15 என்றுதான் சொல்கிறது. பிஸ்டோரியஸுக்கு எத்தனை கொடுத்தார்? 6. அங்கே சட்டத்தைத் தாண்டி இறங்கி வர முடிந்தது, இங்கே மட்டும் கை கட்டியிருந்ததா? 252 அவரே கொடுத்ததுதான்.

லாடியம் அக்கா:
இரண்டு பேரும் எண்ணையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கேள்வி எந்தச் சொல் என்பது. பிஸ்டோரியஸ் விசாரணையில் நெல் என்ற அரசு வக்கீல், கூண்டில் நின்ற பிஸ்டோரியஸைப் பார்த்துப் பொய்யன் என்றார். மசிபா உடனே அவரை நிறுத்தி, சாட்சி சொல்பவரை அப்படிச் சொல்லக் கூடாது, பேச்சைப் பார்த்துப் பேசுங்கள் என்றார். கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. சிவப்பு அங்கியில் அமைதியாக உட்கார்ந்தபடி சொன்னார், அந்தப் பெரிய வக்கீல் அடங்கினார். ஸ்டெர்ன் என்ற சொல் அதற்குத்தான் இருக்கிறது. அது முகத்துக்கும் பேச்சுக்கும் உரியது. தண்டனைக்கு ஸிவியர் என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது.

சாட்ஸ்வர்த் தம்பி:
அக்கா, 252 வருஷம் கொடுத்த நாளிலும் அமைதியாகத்தான் சொல்லியிருப்பார். அமைதியாகச் சொன்னால் 252 குறைந்துவிடுமா?

சாண்டன் புதுவரவு:
வணக்கம். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவரை ஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். எல்லோருக்கும் புரியும். இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

லெனேசியாக்காரன்:
ஸ்ட்ரிக்ட் என்றால் விதியை விடாதவர். வாய்தா கேட்டால் தர மாட்டார், நேரத்துக்கு வராத வக்கீலைச் சும்மா விட மாட்டார். அதுவும் ஸ்டெர்னும் ஒன்றில்லை. அப்புறம் ஒன்று, இந்த ஊர் கோர்ட் நடப்பைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். இங்கே ஜூரி கிடையாது, 1969இலேயே ஒழித்தாகிவிட்டது. நீதிபதியும், அவருக்குத் துணையாக உட்காரும் அசெஸர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிஸ்டோரியஸ் தீர்ப்பையே சொன்னார்கள். எங்கள் ஆட்கள் 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்து கரும்பு வெட்டியவர்கள். நேற்று விமானத்தில் வந்து இறங்கியவர்கள் எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டாம்.

சாண்டன் புதுவரவு:
கப்பலுக்கும் ஸ்ட்ரிக்டுக்கும் என்ன சம்பந்தம் ஐயா? நான் மரியாதையாகத்தான் கேட்டேன். வீட்டில் பிள்ளைகளோடு ஒரு வரி தமிழ் பேசாதவர்கள் எல்லாம் இங்கே வந்து பாரம்பரியம் பேசுவது எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மெரிபேங்க் பெரியவர்:
அந்த வார்த்தை வேண்டாம் ஐயா. எங்கள் பள்ளிக்கூடங்களில் தமிழை வைக்கவே எத்தனை பேர் எவ்வளவு பாடுபட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அது இருக்கட்டும். மசிபாவை ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், நம் நவி பிள்ளை இல்லையா? கிளேர்வுட்டில் ஒரு பஸ் டிரைவரின் மகள். 1995இல் இந்த நாட்டின் உயர் நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் வெள்ளையரல்லாத பெண். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் 1998இல் அகயேசு என்ற குற்றவாளிக்கு ஆயுள் கொடுத்த மூன்று நீதிபதிகளில் ஒருவர். அவரை எந்தச் சொல்லால் சொல்வீர்கள்?

சாட்ஸ்வர்த் தம்பி:
தாத்தா, அவர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவர் 252 கொடுக்கவில்லையே.

லெனேசியாக்காரன்:
திரும்பவும் 252! இவனுக்கு வேறு எண்ணே தெரியாது. ஆங்கிலத்தில் தண்டனைக்குப் பேர்போன நீதிபதிக்கு ஹேங்கிங் ஜட்ஜ் என்றே ஒரு பெயர் உண்டு. 1685இல் இங்கிலாந்தில் மன்மத் (Monmouth) பிரபுவின் கலகக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகத் தூக்குக்கு அனுப்பிய ஜெஃப்ரீஸுக்கு வந்த பெயர் அது. ஹார்ஷ் என்று எழுத ஆசையாக இருந்தால் அவரை எழுது. நம் நாட்டில் 1995ஆம் வருஷம் ஜூன் மாதம் அரசியல் சாசன நீதிமன்றம் தூக்கையே எடுத்துவிட்டது. அந்தச் சாசனத்தின் கீழ் உட்கார்ந்த ஒரு அம்மாவைப் போய் அந்த வரிசையில் வைக்கிறாயே, உனக்கு மனசு வலிக்கவில்லையா?

லாடியம் அக்கா:
அண்ணா, நீங்களும் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறீர்கள். அந்த 6 வருஷத்தை ப்ளூம்ஃபொன்டைன் அப்பீல் கோர்ட் அதிர்ச்சி தரும் அளவுக்குக் குறைவு என்று சொல்லி, 2017 நவம்பரில் 13 வருஷம் 5 மாதமாக ஏற்றியது. அப்படிப்பட்டவரை ஹார்ஷ் என்றால் ரீவா ஸ்டீன்காம்பின் குடும்பத்தார் என்ன நினைப்பார்கள்?

சாட்ஸ்வர்த் தம்பி:
சரி அக்கா, பிஸ்டோரியஸுக்கு இளகினார். பணக்காரனுக்கு 6, பேர் தெரியாதவனுக்கு 252. அதைத்தான் நான் ஹார்ஷ் என்கிறேன்.

லெனேசியாக்காரன்:
இப்போது பேச்சை மாற்றுகிறாய். நேற்று எல்லாச் சொல்லும் ஒன்று என்றாய், இன்று பணக்காரன் ஏழை என்கிறாய். அந்த ஆள் மூன்று பெண்களின் வாழ்க்கையைச் சிதைத்தவன், அவனுக்காகவா வாதாடுகிறாய்?

சாட்ஸ்வர்த் தம்பி:
யார் வாதாடினார்கள்? அவனுக்கு 252 கொடுத்தது சரி என்றுதான் நானும் சொல்கிறேன். சரியான தண்டனையும் ஹார்ஷாக இருக்கலாம். போன வருஷக் காவடி மலரில் என் கட்டுரையைத் திருத்துகிறேன் என்று வாங்கி, பாதியை வெட்டி எறிந்தவர் நீங்கள்தானே? அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

லெனேசியாக்காரன்:
வெட்டினேன். மறுபடி கொடுத்தாலும் வெட்டுவேன். முருகன் கையில் இருப்பது சூலம் என்று எழுதியிருந்தாய்.

மெரிபேங்க் பெரியவர்:
கமிட்டிச் சண்டையைக் கமிட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நவி பிள்ளைக்கு எந்தச் சொல்?

சாண்டன் புதுவரவு:
ஸ்ட்ரிக்ட்.

லெனேசியாக்காரன்:
ஸ்டெர்ன்! இருவருக்கும் ஸ்டெர்ன்தான் பொருந்தும். பெரியவரே, கொஞ்சம் பொறுங்கள், முதலில் இந்தத் தம்பி நேற்று எழுதிய அந்த உதாரணத்தை எடுக்கட்டும். அதைப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் கட்டுரை எழுதப் போகிறார்களோ.

சாட்ஸ்வர்த் தம்பி:
எடுக்க மாட்டேன். 252.