புதுப்பிப்பு: ஜப்பான் போவதற்கு முன் வீட்டிலிருந்தே என்ன பார்க்கலாம்?

ஜப்பான் போவதற்குள் அந்த ஊரை வீட்டிலிருந்தே கொஞ்சம் பழகிக்கொள்ள வழி கேட்டிருந்தேன். மொழி, சமையல், சுமோ மல்யுத்தம் என்று நிறைய யோசனை சொன்னீர்கள். எல்லாருக்கும் நன்றி!

ஜப்பானிய மொழியில் ஹிரகனா எழுத்துகள் முடிந்தன, இன்னொரு எழுத்து வகையான கதகனா ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் மனதைப் பிடித்துக்கொண்டது சுமோதான். ஜப்பானின் என்எச்கே வேர்ல்ட் தொலைக்காட்சியில் அன்றன்றைய ஆட்டங்களின் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. மோதல் பெரும்பாலும் சில நொடிதான். அதற்கு முன் நடப்பதைத் தவறவிடாதீர்கள். உப்பை அள்ளி மேடையில் வீசுகிறார்கள், காலைத் தூக்கி ஓங்கி மிதிக்கிறார்கள், குனிந்து முறைத்துவிட்டு எழுந்துபோய் மறுபடியும் உப்பு. மேல்பிரிவில் இதற்கே 4 நிமிடம் வரை உண்டு. தலைமை நடுவர் இடுப்பில் குறுவாள் வேறு! தீர்ப்பு தவறினால் உயிரையே கொடுக்கத் தயார் என்பதற்கு அடையாளமாம். மேடைக்கு மேலே தொங்கும் கூரையும் ஜப்பானின் ஷின்தோ மதக் கோயில் பாணிதான். விளையாட்டு என்று மட்டும் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆண்டுக்கு 6 தொடர், ஒவ்வொன்றும் 15 நாள். ஜனவரி, மே, செப்டம்பரில் டோக்கியோவின் ரியோகொகு பகுதியில் நடக்கும். எங்கள் பயணத்தைச் செப்டம்பருக்கு மாற்றிவிட்டோம். போக நினைப்பவர்கள் விற்பனை தொடங்கும் நாளிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். கீழ்ப்பிரிவு ஆட்டங்கள் காலையிலேயே தொடங்கிவிடும். அப்போதே போய் உட்கார உத்தேசம்.