பக்கத்து வீட்டு ஏசி உறுமல்: எங்கே புகார் கொடுப்பது? (பிரான்ஸின் ரெயூனியன் தீவு)

பவளமல்லி:
சேந்தாந்த்ரே ஊரில் இருக்கோம். பக்கத்து வீட்டு ஏசியோட வெளி யூனிட் பொதுச்சுவரில் மாட்டியிருக்கு. ராத்திரி முழுக்கப் படுக்கையறைச் சுவர் உறுமுது. சனிக்கிழமைன்னா ஸ்பீக்கர் வேற. போன் ஆப்பில் 48 டெசிபல் காட்டுது. இதை வச்சுப் புகார் கொடுக்கலாமா? மேரிக்கா (நகராட்சி அலுவலகம்), போலீசுக்கா?

கடலோரம்:
ஆப்பை விடுங்க. சுற்றுச் சத்தத்தை விடப் பகலில் 5, இரவில் 3 டெசிபலுக்கு மேல கூடக்கூடாதுங்கிற கணக்கு கடை, பட்டறைச் சத்தத்துக்குத்தான். வீட்டுச் சத்தத்துக்குப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் ஆர் 1336-5-ங்கிற பிரிவு இருக்கு. நீண்ட நேரம், திரும்பத் திரும்ப, அதிக உரப்பு: மூணில் ஒண்ணு இருந்தாலே போதும், அளக்க வேண்டாம். ஒரு நோட்டுப் போடுங்க. "எப்பவும் சத்தம்"னு எழுதினா யாரும் மதிக்க மாட்டாங்க. "செவ்வாய், 23.10 முதல் 4.40 வரை, ஜன்னல் மூடியும் கேட்டது"ன்னு எழுதுங்க.

பாட்டுக்கு வழி வேற. இரவு 10 முதல் காலை 7 வரைன்னா தாபாழ் நொக்துர்ன், அதாவது இரவு இரைச்சல் குற்றம். சத்தம் கேட்கும்போதே போலீஸ் எண் 17-ஐக் கூப்பிடுங்க. வந்தவங்க காதால் கேட்டாலே அபராதம் போடலாம்: 68 யூரோ, கெடு தாண்டினா 180. மறுநாள் போய்ச் சொன்னா அவங்க எதையும் நேரில் கேட்டிருக்க மாட்டாங்க.

திருகாணி:
ஏசிக்குப் புகாருக்கு முன்னாடி, பக்கத்து வீட்டுக்காரரையே கூட வச்சு யூனிட்டைப் பாருங்க. அதோட கால்களுக்கு அடியில் நாலு ரப்பர் கட்டை இருக்கணும், சீலான்ப்ளோக்ம்பாங்க. வெயிலிலும் கடல்காத்திலும் அது கல்லாகிடும், அப்புறம் கம்ப்ரசர் அதிர்வு நேரா சுவருக்குள்ள போகும். நகத்தால் அழுத்துங்க, பள்ளம் விழலைன்னா ரப்பர் செத்துடுச்சு. செம்புக்குழாய் தகட்டில் உரசுதான்னும் பார்க்கணும். ஓடும்போது குழாய் சுடும், தடிச்ச துணியால பிடிங்க. பிடிச்சதும் உறுமல் குறைஞ்சா, அங்கே ஒரு கிளிப் போதும். முழுசா நிக்கணும்னா யூனிட்டைச் சுவரிலிருந்து இறக்கி, தரையில் ரப்பர் கால் மேல வைக்கணும். நாக்கோ ஜன்னலை (கண்ணாடிப் பட்டை ஜன்னல்) மாத்திக் காசை வீணாக்காதீங்க, இது சுவர் வழியா வர்றது.

பவளமல்லி:
அவங்க வாடகைக்கு இருக்காங்க. ஏசி வீட்டுக்காரரோடது.

கடலோரம்:
அப்போ ரெண்டு பேருக்கும் ரெக்கமாந்தே தபால் (பதிவுத் தபால்), கையெழுத்து வாங்குற சீட்டோட. நோட்டு நகலை வையுங்க, மேரிக்கு ஒரு பிரதி. அதுக்கும் அசையலைன்னா கொன்சிலியாத்தர், அதாவது சமரசம் பேசி வைக்கிறவர், செலவில்லை. பொதுவா அந்தப் படியைத் தாண்டி நேரே கோர்ட்டுக்குப் போனா மனு நிக்காது. 2024 ஏப்ரலில் சிவில் சட்டத்தில் சேர்ந்த 1253-ஆம் பிரிவின்படி, தொந்தரவு அளவு மீறினதுன்னு காட்டினாப் போதும், வேணும்னே செஞ்சாங்கன்னு நிரூபிக்க வேண்டியதில்லை.