வீட்டில் தெரியாமல் பேகன் வழிபாடு: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி: விக்கா வழிக்கு (கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய இயற்கை வழிபாடுகளை ஒட்டிய நவீன பேகன் மதம்) வந்து இரண்டு வருடம். வீட்டில் எல்லோரும் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர்கள். என் பீடம் ஒரு மேசை இழுப்பறைதான்: கூழாங்கல், இறகு, குட்டி மெழுகுவர்த்தி. போன வாரம் அம்மா அதைத் திறந்து, "இதென்ன குப்பை?" என்றார். பண்டிகை நாட்களில் என்ன செய்வீர்கள்?

பதில் 1: வடக்கு அரைக்கோளத்தில் யூல், அதாவது ஆண்டின் மிக நீண்ட இரவுக்கான பண்டிகை, டிசம்பர் 21 வாக்கில் வரும். பசுங்கிளையும் விளக்கும் கிறிஸ்துமஸ் அலங்காரத்தோடு கலந்துவிடும். பிப்ரவரி தொடக்கத்தில் வசந்தத்தை வரவேற்கும் இம்போல்க் பண்டிகை இன்னும் வசதி. பிப்ரவரி 2 அன்று தேவாலயங்களிலேயே மெழுகுவர்த்தியை ஆசீர்வதிப்பார்கள்!

பதில் 2: இறந்தவர்களை நினைக்கும் ‘சாவின்’ (Samhain) பண்டிகைதான் தலைவலி. அக்டோபர் 31 இரவு பாட்டி படத்துக்கு முன் ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பேன், அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்டதில்லை.

கேட்டவர்: சரி, இழுப்பறைக்குப் பூட்டு போடலாமா?

பதில் 2: ஐயோ, வேண்டாம். பூட்டைப் பார்த்தால்தான் சந்தேகமே வரும்.